யானை வருது என்று சொன்ன குரல்

ஒப்பித்தல் போட்டியில் முதல் பரிசு எனக்குத்தான் என்பது சைதாப்பேட்டையில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன். அதனால், அப்பாவின் கருவிக்கு ஒரு குரல் தேவை என்றதும் அது என்னுடையதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்பா பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். கூடலூர்ப் பக்கம் காட்டோரத்தில் அவர்கள் கேமரா கட்டியிருந்தார்கள். யானை அந்த வழியாக வந்தால் சுற்றியுள்ள விவசாயிகளின் செல்போன்கள் ஒலிக்கும். எடுத்தால் ஒரு குரல் எச்சரிக்கும். "அன்பார்ந்த விவசாயிகளே, யானை வருகிறது" என்று நான் உச்சரிப்புப் பிசகாமல் பேசிக் கொடுத்தேன். ஏதோ விளம்பரம் என்று நினைத்துப் பாதிப் பேர் போனை வைத்துவிட்டார்களாம். அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் அந்த ஊர் விவசாயி ஒருவர் தம் மகளோடு வீட்டுக்கு வந்தார். என் வயதுதான் அவளுக்கு. வாயே திறக்கவில்லை. தி. நகரில் எனக்கென்று வாங்கிய சுடிதாரை அம்மா எடுத்து அவளுக்குக் கொடுத்தாள். நெத்திலி வறுவலில் பெரிய பங்கும் அவளுக்கே. நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன், யாரும் கவனிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு பேசட்டும். அவங்க ஊர்க் குரல்னா நின்னு கேப்பாங்க," என்றார் அப்பா.

"அதுக்குப் பேசவே வரலப்பா. என்னாண்ட இன்னா குறைச்சல்?"

"ஒண்ணும் இல்ல கண்ணு. சும்மா இரு, ட்ரெயின் போவட்டும்."

மின்சார ரயிலின் சத்தம் ஓய்ந்ததும் செல்போனை அவளிடம் நீட்டினார். "யானையப் பாத்தா வீட்டுல எப்படிச் சொல்லுவியோ, அப்படியே சொல்லும்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தச் சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை.

"அம்மா, யானை வருது. அங்கயே நில்லும்மா. இந்தப் பக்கம் வராத."

அவளுடைய அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். என் அப்பா பதிவை நிறுத்தினார். பிறகு, அம்மா என்று கூப்பிடாமல் இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். அவள் தலையாட்டினாள். அந்த இரண்டாவது பதிவுதான் இன்றும் அங்கே ஒலிக்கிறது. யாரும் பாதியில் வைப்பதில்லை.

அன்று எனக்கு உள்ளூர ஒரே குளிர்ச்சி. நான் முதல் தடவையே சரியாகப் பேசியவள், அவள் தப்பாகப் பேசிவிட்டாள் என்று. அதே வார்த்தைகளை அவள் ஏற்கெனவே ஒருநாள் வாழைத் தோட்டத்து வரப்பில் நின்று கத்தியிருக்கிறாள் என்பதும், அவை அவள் அம்மாவின் காதில் விழவில்லை என்பதும் எனக்குத் தெரிய வெகுகாலம் ஆனது.