மாப்பிள்ளை அழித்த மைனஸ்

எங்கள் வீட்டு மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், சிவில் என்ஜினியர். அந்தப் பட்டத்தை எந்தப் புண்ணியவான் தூக்கிக் கொடுத்தானோ! பள்ளிக்கூடத்தில் என்னிடம் சைன், காஸ் படிக்கும் பிள்ளைகள் அவருக்குத் தேவலை.

அப்பா தொடை எலும்பு முறிந்து திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனிச் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "நம்ம ஊரு அகரத்து வீட்டுக்குள்ள நானா உருட்டிக்கிட்டுப் போகணும். ஒருத்தனும் என்னயத் தூக்கக் கூடாது." வாசல் தரையிலிருந்து வீட்டுத் தளம் இரண்டரை அடி உயரம். அதற்குச் சாய்தளம் கட்டும் பொறுப்பை மாப்பிள்ளை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆறு டிகிரி சாய்வு. உயரத்தை சைன் ஆறால் வகுத்தால் சாய்தளத்தின் நீளம். அதுவரைக்கும் சரி. ஆனால் செல்போன் கால்குலேட்டர் டிகிரியில் இல்லாமல் ரேடியனில் கிடந்தது. விடை மைனஸ் ஒன்பது. மூளை இருப்பவன் அங்கேயே நிற்பான். இவரோ, "நீளத்துக்கு ஏது மச்சான் மைனஸு?" என்று சிரித்து, காகிதத்தில் பென்சிலால் போட்டிருந்த அந்த மைனஸ் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்து, ஒன்பது அடி என்று முடிவு கட்டினார். வர வேண்டியது இருபத்துநாலு அடி. காஸ் போட்டுப் பார்த்தால் தரையில் அடைக்கும் இடமும் ஏறக்குறைய அவ்வளவுதான். எங்கள் வாசலில் முப்பது அடி சும்மா கிடக்கிறது.

கொத்தனார் நூல் பிடித்துப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "என்னங்க சார், இம்புட்டுச் செங்குத்தா இருக்கு? வண்டி ஏறுமா?"

"சைன் போட்டுப் பாத்தாச்சு. நீங்க கலவையப் பாருங்க" என்றார் மாப்பிள்ளை.

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவர் குழம்பில் உப்பு இல்லை என்றால் எல்லோருமே உப்பை அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மரியாதைக்காக இல்லை. சொந்தபந்தம் கூடி நிற்கும்போது அந்த ஆள் மூக்கறுபட வேண்டும், அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு இடித்துக் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அப்பா வந்த அன்று வாசல் நிறைய ஆட்கள். "விடுங்கப்பா, நான் போய்க்கிறேன்" என்று சக்கரங்களைப் பிடித்தார். மூன்றடி ஏறியது. நாற்காலி பின்னால் உருண்டது, ஓடிப் பிடித்தோம். மறுபடியும் முயன்றார். மூன்றாவது தடவை அவரே கையை எடுத்துவிட்டார். நாலு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளைக்குக் கொஞ்சமாவது கூச வேண்டுமே! "டயர்ல காத்து கம்மி மச்சான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்து, அப்பாவின் கட்டிலில் விரித்து, அழித்த இடத்தைக் காட்டி மாப்பிள்ளையின் கோளாறை எல்லார் முன்னாலும் புட்டுப்புட்டு வைத்தேன்.

அப்பா துண்டை விலக்கினார். "இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"கட்டுறதுக்கு முன்னாடியே தெரியும்ப்பா."

அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பவே இல்லை.

"அவருக்குத் தெரியல, சரி. ஏலே, தெரிஞ்ச நீ எதுக்கு என்னயத் தூக்க விட்ட?"