தம்கட்டியைக் கெஞ்ச வைத்தவள்

அந்த ஓட்டலின் அடித்தளத்துச் சலவைக்கூடத்தில் ஒரு சூப்பர்வைசர் இருந்தார். ஈரத்துணிக் கூடையைப் பெண்கள் தூக்கும்போதெல்லாம், "தம் கட்டு! தம் கட்டித் தூக்கு!" என்று கத்துவார். அந்தச் சத்தத்தில் ஆறாம் மாடியில் தூங்குகிற விருந்தாளி கட்டிலோடு ஒருமுறை எழும்பி விழுவான். பெண்கள் அவருக்கு வைத்த பெயர் தம்கட்டி.

கூடையைத் தள்ளிப்போக ஒரு சக்கரவண்டி இருக்கத்தான் இருந்தது. புதுத் தரையில் கீறல் விழும் என்று அதைத் தன் அறையில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார்.

கூடத்தில் மூத்தவள் பெரியக்கா, மூன்று பெற்றவள். ஒருநாள் கூடையைத் தூக்கியபோது அடிவயிற்றுக்குக் கீழே ஏதோ நழுவியது. வீட்டில் குளிக்கையில் உருண்டையாக ஒன்று கையில் தட்டுப்பட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. சாயங்காலமானால் இடுப்புக்குக் கீழே கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இழுக்கும். தும்மினால் புடவை நனையும்.

"ஐயா, அந்த வண்டிய குடுங்களேன். உடம்பு முடியல."

"என்ன உடம்பு?"

அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வாள்? தலை குனிந்தாள்.

"வயசாயிடுச்சுன்னா வீட்ல உக்காந்து பேரப்பிள்ளைக்கு மூக்கு சிந்து!" தம்கட்டி தொப்பை குலுங்கச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். இதே வண்டிக்காக இந்த ஆள் தன்னிடம் வந்து நிற்க வேண்டும், அதுவரை வேலையை விடுவதில்லை என்று கறுவிக்கொண்டாள்.

பழிவாங்கவும் உடம்பு வேண்டுமே! அதற்காகவே டாக்டரம்மாவிடம் போனாள்.

"கருப்பை இறங்கியிருக்கும்மா," என்றார் டாக்டரம்மா, பரிசோதித்துவிட்டு. "கருப்பையையும் மூத்திரப்பையையும் அடியில ஒரு தசைதான் தாங்குது. பிரசவத்துல அது தளரும். மலச்சிக்கல்ல முக்கினாலும், விடாம இருமினாலும், தம் கட்டி கனம் தூக்கினாலும் இன்னும் கீழ தள்ளும்."

"தம் கட்டினாலா?" பெரியக்காவின் கண்ணில் பொறி பறந்தது.

"ஆமா. முடிஞ்சவரைக்கும் கனம் தூக்காதீங்க. தூக்கித்தான் ஆகணும்னா, முதல்ல மூத்திரத்த அடக்கற மாதிரி கீழ இறுக்கிக்கிட்டு, மூச்ச வெளிய விட்டுக்கிட்டே தூக்கணும். சும்மா இருக்கும்போதும் அப்படி இறுக்கி இறுக்கி விடுங்க, தசைக்கு பலம் வரும். இப்போதைக்கு கருப்பையத் தாங்கிப் பிடிக்க உள்ள ஒரு வளையம் வைக்கறேன். அதுலயும் சரியாகலன்னா ஆபரேஷனப் பத்திப் பாக்கலாம். ஏன் முன்னாடியே வரல?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

"வெக்கமா கருப்பையத் தாங்கும்?"

மறுநாளிலிருந்து தம்கட்டி திட்டத் திட்ட, பெரியக்கா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கீழே இறுக்கினாள், விட்டாள், மறுபடி இறுக்கினாள். அவர் திட்டுக்குக் குறைச்சலில்லை, அவள் பயிற்சிக்கும் குறைச்சலில்லை. இடுப்புக்குக் கீழே இழுத்த கனம் மெல்லக் குறைந்தது. உடன் வேலை செய்கிறவர்களிடம் காதோடு காதாகச் சொன்னாள். பாதிப் பேருக்கு அதே கோளாறு! அப்புறம் கூடை தூக்கும்போதெல்லாம் கூடமே "உஸ்ஸ்" என்று மூச்சு விட்டது.

"என்ன ஆளாளுக்குப் பாம்பு மாதிரி சீறுறீங்க? தம் கட்டுங்க!"

பெரியக்கா காத்திருந்தது இதற்குத்தான். "எங்களுக்கு அது வரலீங்க ஐயா. நீங்கதான் ஒருதடவ தூக்கிக் காட்டுங்களேன்," என்றாள், பால் வடியும் முகத்தோடு.

அவள் காட்டிய கூடையில் பிழியாத குளியல் துவாலைகளாகத் திணித்து, மேலே மட்டும் பிழிந்த விரிப்பைப் போர்த்தியிருந்தாள். யானை வந்தாலும் அதைப் பார்த்து லீவு கேட்டிருக்கும். தம்கட்டி தம் கட்டினார். முகம் சிவந்து, கறுத்து, ஊதாவானது. கூடை ஒரு சாண் எழும்பியது. "ஐயோ" என்று கவட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

குடலிறக்கம். ஆபரேஷன் முடிந்து அவர் வருவதற்குள், கூடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மேனேஜர் வண்டிச் சாவியைப் பெரியக்காவிடம் கொடுத்திருந்தார்.

வந்த அன்றே அவர் ஒரு துணிமூட்டையை மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. தம்கட்டி பூனைபோல் வந்து நின்றார்.

"அக்கா, அந்த வண்டிய..."

"எதுக்குங்க?"

"கனம் தூக்கக் கூடாதாம். உடம்பு..."

பெரியக்கா துணி மடிப்பதை நிறுத்தினாள். கூடமே நிறுத்தியது.

"என்ன உடம்பு?"

அவர் தலை குனிந்தார்.

"சத்தமா சொல்லுங்க ஐயா, மெஷின் ஓடுது."

அவர் சொல்லி முடிக்கும்வரை அவள் சாவியை எடுக்கவில்லை. கீழே நன்றாக இறுக்கிப் பிடித்தபடி, நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றாள்.