சவரிமுத்துவுக்காக நிறுத்திய இடம்

இன்று இலுப்பூரில் சவரிமுத்துவை அடக்கம் செய்தோம். கொழும்பு ஹோட்டலில் என் கிட்டாருக்கு டிரம்ஸ் அடித்தவன். என்னோடு ஒரே கப்பலில் ஊர் திரும்பியவன்.

பெட்டியை மூடும் முன் அவன் மனைவி லூர்து கேட்டாள்: "அண்ணே, அவுகளுக்குப் பிடிச்ச ஜாஸ் ஒண்ணு வாசிங்க."

சாவு வீடாயிற்றே என்று மெதுவான ஒன்றை எடுத்தேன்.

"இது வேணாண்ணே. ஹோட்டல்ல ஆட்டத்துக்கு வாசிப்பீங்கள்ல, அது."

வாசித்தேன். நடுவில் டிரம்ஸ் மட்டும் ஒலிக்க வேண்டிய இடம் வந்தது. பழக்கத்தில் கையை நிறுத்தி, அவனுக்காகக் காத்திருந்தேன்.

பாட்டு முடிந்ததென்று நினைத்து, சுற்றி நின்றவர்கள் மூடியை வைத்து ஆணி அடிக்கத் தொடங்கினார்கள். அதுவும் தாளத்தில் இல்லை.

நண்பர்களே, உங்களுக்கெல்லாம் எதை வாசிக்க வேண்டும்? இப்போதே சொல்லிவிடுங்கள். நிறுத்தாமல் வாசிக்கப் பழகிக்கொள்கிறேன்.