அக்னெஸ் அக்காவின் ஊதா விரல்

அக்னெஸ் அக்காவுக்கு வாழ்க்கையில் எல்லாமே ஓரளவு வாய்த்தது. வாக்கு மட்டும் வாய்க்கவில்லை.

மொன்றியல் ஜான்-டலோன் சந்தையில் றெக்ஸின் மரக்கறிக் கடைக்குப் போனவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். ஐம்பத்தேழு வயது, கட்டையான உருவம், இரண்டு சுவெட்டருக்கு மேல் ஒரு ஏப்ரன். பேரம் பேசுகிறவர்களைத் தமிழிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சமாளிப்பார். அதற்கும் மசியாதவர்களைப் பர்மிய மொழியில் திட்டுவார், யாருக்கும் விளங்காது என்ற தைரியத்தில். ஒருநாள் ஒரு பர்மியப் பிக்குவே வரிசையில் நின்றுவிட்டார். அன்று அவருக்கு வெண்டிக்காய் இலவசம்.

அவருடைய தமிழைக் கேட்டவுடன் யாழ்ப்பாணத்தார், "நீங்கள் எவ்விடம்?" என்பார்கள். "ரங்கூன்" என்பார் அக்கா. கேட்டவர்கள் இன்னும் கொஞ்சம் நிற்பார்கள், கதை வரும் என்று. வரும். அக்கா கதை சொல்வதில் கஞ்சத்தனம் பார்ப்பவர் அல்ல.

அவருடைய தாத்தா காலத்திலேயே அந்தக் குடும்பம் ரங்கூனில் வேரூன்றிவிட்டது. அறுபதுகளில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, கடைகண்ணிகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியபோது சொந்தக்காரர்கள் மூட்டை முடிச்சோடு மதராசுக்குக் கப்பலேறினார்கள். அக்காவின் அப்பா மட்டும், "இவனுங்க எத்தனை நாளைக்கு? ரெண்டு வருசத்துல போயிடுவானுங்க" என்று தங்கிவிட்டார். அப்பா போய்ச் சேர்ந்தார், அவனுங்க போகவில்லை. அக்கா பிறந்ததும் வளர்ந்ததும் அந்த ஆட்சியில்தான். எண்பத்தெட்டில் ராணுவத்தை எதிர்த்து ஊரே தெருவுக்கு வந்தபோது, காலில் ரப்பர் செருப்போடு அவரும் போனார். துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஓடியதில் ஒரு செருப்பு தெருவிலேயே தங்கிவிட்டது. கூட வந்தவர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை. இந்த இடத்தில் மட்டும் அக்கா கதையை நிறுத்தி, தக்காளியைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

தொண்ணூறில் தேர்தல் வந்தது. விடிய முன்னரே வரிசையில் நின்று முதல் வாக்கைப் போட்டார். அவர் போட்ட கட்சி அமோகமாக வென்றது. ராணுவமோ அப்படி ஒரு தேர்தலே நடக்காததுபோல நாற்காலியை விட்டு அசையவில்லை.

பிறகு மொன்றியலுக்கு ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு வந்தார், பிள்ளை வளர்ந்ததும் றெக்ஸின் கடைக்கு மாறினார். கூட வந்தவர்கள் எல்லாம் கனடியப் பிரஜைகள் ஆனார்கள். அக்கா ஆகவில்லை. பர்மாச் சட்டப்படி ஒரு நாட்டுக்குத்தான் பிள்ளையாக இருக்கலாம். கனடியப் பிரஜாவுரிமையை எடுத்தால் அங்கே வாக்கு போய்விடும். "நாய் வாலை நிமித்தலாம் எண்டாலும் இந்த அக்காவின்ர மனசை மாத்தேலாது" என்று றெக்ஸ் தலையில் அடித்துக்கொள்வார். இரண்டாயிரத்து இருபதில் மறுபடி தேர்தல். அக்கா ஒட்டாவாவுக்குப் பஸ் ஏறி, தூதரகத்தில் இரண்டாவது வாக்கைப் போட்டுவிட்டு வந்தார். ரங்கூனில் பள்ளி ஆசிரியையாக இருந்த தங்கை ரொசானாவும் போட்டாள். அங்கே வாக்குப் போட்டவர்களின் சுண்டுவிரலில் ஊதா மை பூசினார்கள். அந்த விரலை ரொசானா படம் எடுத்து அனுப்பினாள். அக்காவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பொறாமை ஒரு பக்கம். தொண்ணூறில் மை கிடையாது. தூதரகத்திலும் கிடையாது. இரண்டு வாக்குப் போட்டும் விரல் வெறுமையாகவே இருந்தது.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. ராணுவம் மறுபடி வந்து, அந்த வாக்கெல்லாம் செல்லாது என்றது.

ரங்கூனில் மக்கள் இரவு எட்டு மணிக்குச் சட்டி பானையைத் தட்டினார்கள். வீட்டில் புகுந்த பேயை அப்படித்தான் விரட்டுவார்களாம். அக்காவும் பார்க்-எக்ஸ்டென்ஷனில் தன் மூன்றாம் மாடிப் பால்கனியில் நின்று இட்லிச் சட்டியைத் தட்டினார். மொன்றியலில் அப்போது கொரோனாவுக்காக எட்டு மணிக்கே ஊரடங்கு. எதிர்வீட்டுக் கிழவனார் அது ஊரடங்கை எதிர்த்துத் தட்டுவது என்று எண்ணித் தானும் ஒரு வாணலியோடு வெளியே வந்தார். அவரைப் பார்த்துப் பக்கத்து வீடு, அதைப் பார்த்து அடுத்த வீடு. பத்து நிமிடம் தெருவே அதிர்ந்தது. பர்மாப் பேய் ஓடியதோ இல்லையோ, அக்கா வெகுநாளைக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

ரொசானா வேலைநிறுத்தத்தில் சேர்ந்து பள்ளிக்கூடத்தை விட்டாள். ராணுவத்துக்குக் கீழே பாடம் சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்று வீட்டிலிருந்து தையல் தைத்தாள். அக்காவின் பர்மியக் கடவுச்சீட்டும் காலாவதியானது. அதைப் புதுப்பிக்க அந்த ராணுவத்தின் தூதரகப் படியை மிதிக்க அவருக்கு மனம் வரவில்லை. போன வருடக் கோடையில்தான் கனடியப் பிரஜையாகச் சத்தியம் செய்தார். அதே வருட நவம்பரில் நகரசபைத் தேர்தல். செய்தியைக் கேட்டதும் ரொசானா தொலைபேசியில் சொன்னாள்:

"இங்க இவனுங்க டிசம்பர்ல ஒரு எலெக்சன் வக்கிறானுங்களாம்க்கா. நான் போகப்போறதில்ல. நீ எனக்கும் சேத்துப் போட்டுட்டு வா. ஆனா எண்ணுறாங்களான்னு பாத்துக்க."

எண்ணுகிறார்களா என்று எப்படிப் பார்ப்பது? அதற்கு வழி வீட்டு வாசலுக்கே வந்தது. முதலாளி றெக்ஸ் தானே சுயேச்சையாகக் களத்தில் குதித்தார். சந்தையைச் சுற்றிக் கார் நிறுத்த இடம் வேண்டும் என்பது அவருடைய ஒரே கொள்கை. நல்ல மனிதர், அரசியலில் பச்சைக் குழந்தை. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க நின்று நோட்டீஸ் கொடுத்தார். கடைசியில்தான் ஒருவர் சொன்னார், அது வேறு நகரம், அங்கே இருப்பவர்களுக்கு இந்தத் தொகுதியில் வாக்கே இல்லை என்று. "பரவாயில்லை, பிரசாதம் நல்லாயிருந்தது" என்றார் றெக்ஸ்.

"அக்கா, வாக்கு எண்ணேக்க என்ர பக்கத்தில ஒரு பிரதிநிதி இருக்க வேணுமாம். நீங்கள் இருக்கிறியளோ?"

"எண்ணுறதைப் பக்கத்துல உக்காந்து பாக்கலாமா தம்பி?"

"ஓம் அக்கா. மூக்கை நீட்டிப் பாக்கலாம்."

அக்கா கையிலிருந்த பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கும்பிட்டார்.

ஆனால் யாருக்குப் போடுவது? இதில்தான் சிக்கல். எதிர்த்து நின்றவர்களில் மிரேய் என்று ஒரு அம்மா, ஓய்வுபெற்ற பஸ் சாரதி. பஸ் தரிப்பிடம் ஒவ்வொன்றிலும் ஒரு பெஞ்சு போடவேண்டும் என்று அவர் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். நாள் முழுக்கக் கடையில் நின்று, பிறகு பனியில் பஸ்ஸுக்கும் நிற்கிற முழங்கால் அக்காவுடையது. அவரிடம் கார் கிடையாது. றெக்ஸ் கேட்கிற இடத்தில் எதைக் கொண்டுபோய் நிறுத்துவார்? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று மனம் ஒரு பக்கம் இடித்தது. ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில், 'ஒருத்தர் மூஞ்சிக்காகப் போடுறதுக்கு நான் ஏன் இவ்வளவு காலம் காத்துக்கிட்டு இருந்தேன்?' என்று தன்னையே கேட்டுக்கொண்டார். மிரேய்க்குத்தான் என்று முடிவாயிற்று. மனம் லேசானது, குற்ற உணர்ச்சி மட்டும் போகவில்லை.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை. மதியம் கடையிலிருந்து புறப்படும்போது அக்கா ஒரு காரியம் செய்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் றெக்ஸ் ரசீதுக்கு முத்திரை குத்துகிற மைப்பெட்டி இருந்தது. நல்ல ஊதா மை. இடது சுண்டுவிரலை அதில் அழுத்தி எடுத்தார்.

"என்னக்கா இது?"

"இந்த ஊர்ல மை வக்க மாட்டாங்களாமே. நானே வச்சிக்கிறேன்."

றெக்ஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அக்கா அந்த விரலை மீன்கடைக்கும் பூக்கடைக்கும் பாலாடைக்கட்டிக் கடைக்கும் காட்டிவிட்டுத்தான் போனார். சந்தைக்கே தெரிந்துவிட்டது. வாக்குப் போட்ட பிறகு வைக்கவேண்டிய மையை முன்னாலேயே வைத்தது தவறு என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபம். தடுப்புக்குப் பின்னால் சீட்டை இடது கையால் அழுத்திப் பிடித்து, மிரேய் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தில் பென்சிலால் ஒரு சிலுவை போட்டார். கண் கலங்கியதில் வேறெதையும் கவனிக்கவில்லை. மடித்துப் பெட்டியில் போட்டதும், "மெர்சி, மதாம்" என்றான் அங்கிருந்த தாடிக்கார இளைஞன். அக்காவும் "மெர்சி" என்றார், இரண்டு தடவை.

இரவு எட்டு மணிக்கு வாக்கெடுப்பு முடிந்தது. கதவைச் சாத்திப் பெட்டியைத் திறந்தார்கள். மேசைக்கு ஒரு பக்கம் அந்தத் தாடிக்காரன், அவன்தான் அலுவலர். மறுபக்கம் பிரதிநிதிகள். அக்காவுக்குப் பக்கத்தில் மூன்றாவது வேட்பாளர் ஒருவரின் ஆள், டை கட்டிய பெரியவர். கொஞ்ச நேரத்தில் றெக்ஸும் வந்து அக்காவின் கதிரைக்குப் பின்னால் நின்றார். வேட்பாளருக்கு அந்த உரிமை உண்டு.

அலுவலர் ஒவ்வொரு சீட்டாக விரித்து எல்லோருக்கும் காட்டி, பெயரைச் சொல்லிக் குவியலில் வைத்தான். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எண்ணுகிறார்கள்! உண்மையிலேயே எண்ணுகிறார்கள்! ரொசானா பக்கத்தில் இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்தார்.

அப்போது ஒரு சீட்டு வந்தது. மிரேய் வட்டத்தில் சிலுவை. அதன் ஓரத்தில், பயற்றம் விதையளவுக்கு ஒரு ஊதாக் கறை.

அக்கா இடது கையை மெல்ல மேசைக்கு அடியில் இழுத்து, கோட்டுப் பையிலிருந்த கையுறையை மாட்டிக்கொண்டார். ஒற்றைக் கையுறை, அதுவும் சூடு பறக்கிற மண்டபத்தில்.

டை கட்டியவர் விரலை நீட்டினார். "இது அடையாளம். தள்ளுங்கள்."

அலுவலர் கைநூலைப் புரட்டினான். வெறும் கறையென்றால் செல்லும், வாக்காளர் இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் அடையாளமென்றால் செல்லாது என்று வாசித்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். "மதாம், உங்கள் பக்கத்தில் ஆட்சேபணை உண்டா?"

'ஐயோ, அது என் ஓட்டுப்பா!' என்று தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் அந்த நொடியே அது செத்துவிடும். ஆட்சேபணை இல்லை என்று சொல்லவும் நா எழவில்லை. றெக்ஸின் ஆளாக உட்கார்ந்துகொண்டு, றெக்ஸுக்கு எதிரான தன் வாக்கைத் தானே காப்பாற்றுவதா? இரண்டு தடவை ராணுவம் அழித்தது. மூன்றாம் தடவை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டாயிற்று.

றெக்ஸ் பின்னாலிருந்து குனிந்து சீட்டைப் பார்த்தார். அந்த ஊதாவை அவருக்குத் தெரியாதா? தினமும் ரசீதில் குத்துகிற ஊதா. சிலுவை யாருக்கு விழுந்திருக்கிறது என்று பார்த்தார். பிறகு அக்காவின் ஒற்றைக் கையுறையைப் பார்த்தார். அக்கா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கதிரையின் முதுகில் றெக்ஸின் கை இறுகுவது தெரிந்தது. பிறகு அது தளர்ந்தது.

"நான்தான் வேட்பாளர்," என்றார் றெக்ஸ் பிரெஞ்சில். "என் பக்கத்தில் ஆட்சேபணை இல்லை."

அலுவலர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை பார்த்தான். "கறை," என்றான். "செல்லும். மிரேய்." சீட்டு குவியலில் போய் அமர்ந்தது. டை கட்டியவர் தோளைக் குலுக்கிக்கொண்டார்.

அக்காவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. தேர்தலில் தோற்றவர்களின் ஆட்கள் அழுவது வழக்கம்தானே, யாரும் பொருட்படுத்தவில்லை.

றெக்ஸ் தோற்றார். கொஞ்சநஞ்சமல்ல, மண் கவ்வினார். மிரேய் வென்றார். வெளியே காற்று ஊசியாகக் குத்தியது. றெக்ஸ் தன் வான் வண்டியில் மரக்கறிப் பெட்டிகளை ஒதுக்கி அக்காவுக்கு இடம் செய்தார்.

"தம்பி, நான் வந்து..."

"ஒண்டும் சொல்லாதேங்கோ அக்கா. சொன்னா அது ரகசிய வாக்கில்லை." வானைக் கிளப்பினார். ஒரு சந்தி தாண்டிய பிறகு, "ஆனா அந்த மனிசி பெஞ்சு போட்டால், முதல்ல நான்தான் குந்துவன். காருக்கு இடம் தேடிக் களைச்சுப் போவன்தானே" என்றார். அக்கா அழுகையோடு அழுகையாகச் சிரித்தார்.

பிறகு கையுறையைக் கழற்றினார். சுண்டுவிரலைக் கண்ணாடிப் பக்கம் நீட்டி, தெருவிளக்கு வெளிச்சத்தில் படம் எடுத்து ரொசானாவுக்கு அனுப்பினார். ரங்கூனில் அப்போது காலை. உடனே பதில் வந்தது.

"அழகா இருக்குக்கா. எண்ணினாங்களா?"

அக்கா ஊதா விரலாலேயே தட்டினார்: "எண்ணினாங்கடி. தோத்தவருதான் என்னை வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறாரு."