தகரம் காய்ந்தது, நாற்காலி காயவில்லை

ரெங்கம் தோட்டத்தில் சாயம் பூசுவது என் தொழில். சென்ற மழைக்காலத்தில், துரைமார் கிளப் நாற்காலிகளுக்குக் கூடத்துக்குள்ளேயே பச்சைச் சாயம் பூசினேன். வழக்கம்போல், காய்ந்ததா என்று சோதிக்க ஒரு தகரத்துண்டிலும் அதையே பூசி, வெளியே வெயில் படும் இடத்தில் வைத்தேன். மறுநாள் தகரத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன், கோடு விழவில்லை.

“கல்லு மாதிரி இறுகிடுச்சு. உக்காருங்க துரை!” என்றேன்.

வெள்ளைக் கால்சட்டையோடு தோட்டத்துத் துரை உட்காரக் குனிந்தார். நாற்காலியை இழுத்துப் போட்ட சமையல்காரர் காதர் பாய் அலறினார்: “அலமாக்! ஐயய்யோ, உக்காராதீங்க துரை! சாயத்துல என் நகம் உள்ள போயிருச்சு!”

துரை உட்காராமலே துள்ளி நிமிர்ந்தார். எனக்கு உயிர் திரும்பியது.

வெயிலில் காய்ந்த தகரம், நிழலில் நின்ற நாற்காலிக்குச் சாட்சி சொல்லுமா? இப்போது தகரத்தையும் நாற்காலி பக்கத்திலேயே வைக்கிறேன். நகச் சோதனையில் தேறினாலும், முதலில் உட்காருவது நான்தான், சலவை வேட்டியோடு. வேட்டி இன்னும் வெள்ளைதான்.