காத்திருக்கப் பழகிய அம்மா

பிள்ளைகளே, நேற்று சின்னவள் கணக்கோடு மல்லுக்கட்டியபோது வீட்டில் மணிக்கூட்டுச் சத்தம் மட்டுமே கேட்டது. பொறுக்க முடியாமல் அவளுடைய கொப்பியில் விடையை நானே எழுதிவிட்டேன். ஆனால் அந்தச் சத்தம் என்னைக் கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வீட்டுக்குக் கொண்டுபோனது.

என் அம்மா இருபது வருஷம் படிப்பித்த பிறகு, சனிக்கிழமைகளில் கல்வியியல் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கப் போனார். கேள்வி கேட்டால் பிள்ளை யோசித்து முடிக்கும்வரை ஆசிரியர் வாய் திறக்கக்கூடாது என்று அங்கே சொன்னார்களாம். அம்மாவுக்கு அது பெரும்பாடு. என்னை வைத்துத்தான் பழகினார். கேள்வியைக் கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்பார். மணிக்கூடு ஓடும். குசினியிலிருந்து அப்பா விடையைச் சொல்லிவிடுவார்.

"உங்களிட்ட ஆர் கேட்டது? நீங்கள் சம்பலை இடியுங்கோ" என்பார் அம்மா.

கடைசிப் பரீட்சைக்கு விரிவுரையாளர்கள் முன்னால் அம்மா ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். யுத்த காலம் அது; பரீட்சைக்கு முதல்நாள் நகரின் கோட்டைப் பகுதியில் குண்டு வெடித்தது. சந்திக்குச் சந்தி சோதனை, தமிழ்ப் பெயர் என்றால் பஸ்ஸிலிருந்து இறக்கி நிறுத்துவார்கள்.

"இந்த வயசில இனி என்ன படிப்பு? போகாதையும்" என்றார் அப்பா.

"இவ்வளவு காலமும் வகுப்பில நான்தான் கதைச்சனான். பிள்ளையள் எப்ப கதைக்கிறது?" என்று குடையை எடுத்துக்கொண்டு அம்மா இறங்கினார்.

பொழுதுபட்ட பிறகே திரும்பினார். "வழி முழுக்கக் காக்க வைச்சாங்கள். அங்க போய்ப் பிள்ளையளுக்காகக் காத்திருக்கிறது லேசாப் போச்சு" என்று சிரித்தார். பரீட்சையிலும் சித்தியடைந்தார்.

இன்று நீங்கள் கடற்கரைக்குப் போனபின், சின்னவளின் கொப்பியைத் திறந்து நான் எழுதிய விடையை அழிறப்பரால் அழித்தேன்.