பொருத்தமான ஆடையில் சமுகமளிக்கவும்

நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதத்தின் கடைசி வரி இதுதான்: பொருத்தமான ஆடையில் சமுகமளிக்கவும். அதை எழுதியவர் யாரென்று தெரிந்திருந்தால் நேரில் போய்ச் சண்டை பிடித்திருப்பேன். யாருடைய கண்ணுக்குப் பொருத்தமான ஆடை என்று இன்னொரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

எனக்கு அது மூன்றாவது நேர்முகப் பரீட்சை. பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து முடித்து, ஆறு வருடமாகச் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு முன் அறையில் டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தேன். சுவரில் அடித்த பெரிய பலகை, அதற்கு முன்னால் முப்பது பிள்ளைகள். சாதாரணதரப் பரீட்சை முடிவு வரும்போது அந்த வாசலில் இனிப்போடு வந்து நிற்பார்கள். ஆனாலும் நான் என்ன செய்கிறேன் என்று யாராவது கேட்டால், "சும்மா வீட்டதான் இரிக்கா" என்று உம்மா சொல்லுவா. பாடசாலைக்குள் நின்று படிப்பித்தால்தான் எங்கள் ஊரில் டீச்சர். எனக்கும் அந்தப் பெயர் வேண்டியிருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

முதலாவது தடவை அபாயாவில் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார் என் சான்றிதழ்களைவிட என் உடுப்பை அதிக நேரம் வாசித்தார். "சாரி உடுக்கிற பழக்கம் இல்லையா?" என்று ஒரு கேள்வி. வேலை கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை, வேறொரு ஊரில், சாரி உடுத்திப் போனேன். வந்திருந்த மற்ற எல்லோரும் அபாயா. அதிபர் கடைசி வரைக்கும் மின்விசிறியைப் பார்த்துத்தான் கதைத்தார். அதுவும் கிடைக்கவில்லை. உடுப்பால்தானா, என் பதில்களாலா என்று இரண்டு இடத்திலும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு முடிவுக்கு வந்திருப்பேன்.

அதனால் இந்த முறை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டேன். கல்முனையில் ஒரு தனியார் பாடசாலை. எடுத்தவர் அங்குள்ள எழுதுவினைஞர்.

"பொருத்தமானதெண்டா என்ன, சாரியா, அபாயாவா?"

"பொருத்தமானதெண்டா பொருத்தமானதுதான் மிஸ்," என்றார். அவருக்கும் தெரியாது, பாவம்.

வீட்டில் இரண்டு கட்சி. "அபாயாவப் போட்டுப் போ மகள், ரிஸ்க்கத் தாறவன், படியளக்கிறவன் அல்லாஹ், உடுப்பில்ல," என்றா உம்மா. பக்கத்து வளவில் இருக்கும் என் மூத்த சகோதரி, ராத்தா, விடவில்லை. "சாரிய உடுத்தி, மேலால பெரிய ஸ்காஃபப் போடு. ரெண்டு மாதிரி ஆக்களும் ஒண்டும் சொல்ல ஏலா." எனக்கு அது சரியாகப் பட்டது. அறிவுள்ளவள் செய்யும் முடிவு என்றே நினைத்தேன்.

ராத்தாவின் சாம்பல் நிறச் சாரி, அவவுடைய முழுக்கைச் சட்டை. சட்டை எனக்கு அக்குளில் கொஞ்சம் இறுக்கம். போன தடவை ராத்தா எனக்கு உடுத்திவிட்ட சாரியின் கொசுவம் பஸ்ஸிலேயே அவிழ்ந்து மானம் போகப் பார்த்ததால், இந்தத் தடவை அடுத்த தெருவில் கல்யாணப் பெண்களுக்கு உடுத்திவிடும் பெண்ணிடம் அழைத்துப் போனா. அங்கேதான் பிழை நடந்தது. அந்தப் பெண்ணின் கதிரையில் யார் உட்கார்ந்தாலும் அவவுடைய கைக்கு அது கல்யாணப் பெண்தான்.

"இது நேர்முகப் பரீட்சைக்கு," என்று இரண்டு தரம் சொன்னேன்.

"ஓம் ஓம், தெரியும். நீங்க அசையாம இரிங்க," என்றா.

முந்தானை மடிப்புகளை இடது தோளில் நான்கு பின் குத்தி நிறுத்தினா. ஸ்காஃபை நெற்றியில் இறுக்கி, அதன் ஒரு தலைப்பை நெஞ்சுக்குக் குறுக்காக இழுத்து, வலது தோளுக்குப் பின்புறம் சட்டையோடு சேர்த்துக் குத்தினா. எத்தனை பின் என்று எண்ணவில்லை. கண்ணாடியில் பார்த்தால் ஒரு மயிரும் தெரியவில்லை, ஒரு சுருக்கமும் இல்லை. கையை உயர்த்திப் பார்த்தேன். பாதியில் நின்றது.

"கை மேல போகுதில்லையே."

"கைய என்னத்துக்கு மேல தூக்குறீங்க? இருந்து பதில் சொல்றதுதானே," என்றா. ராத்தாவும் சிரித்தா. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல்தான் கோபம் வருகிறது.

நேர்முகக் குழுவில் மூன்று ஆண்கள். சான்றிதழ்களைப் பார்த்தார்கள், இரண்டு கேள்வி கேட்டார்கள். நன்றாகவே போனது. என் உடுப்பை யாரும் பார்க்கவில்லை என்பதைக் கண்டு மனம் லேசானது. அப்போது நடுவில் இருந்தவர், பாடசாலையின் தலைவர், சுவர்ப் பலகையைக் காட்டினார்.

"ஒரு அஞ்சு நிமிசம் படிப்பிச்சுக் காட்டுங்க மிஸ். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளெண்டு எங்கள நெனச்சுக்கங்க. இருபடிச் சமன்பாடு."

நித்திரையிலும் நான் படிப்பிக்கும் பாடம். எழுந்து போய்ச் சோக்கை எடுத்துக் கையை உயர்த்தினேன். தோளில் பின் குத்தியது. அதைப் பொறுத்திருப்பேன். ஆனால் கை மேலே போகப் போக ஸ்காஃப் பின்னால் இழுபட்டு நெற்றியில் மயிர் வெளியே வந்தது. சட்டென்று கையை இறக்கி ஸ்காஃபைச் சரிசெய்தேன். இன்னொரு தரம் முயன்றேன். அதே கதை. கடைசியில் பலகையின் அடியில், என் இடுப்பு உயரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரிச் சின்னதாக எழுதினேன்.

"மேல எழுதுங்க மிஸ். பின்னுக்கு இரிக்கிற பிள்ளைக்கு விளங்கவேணுமே," என்றார் ஓரத்தில் இருந்தவர்.

பின்னைக் கழற்றலாம் என்றால் அது தோளுக்குப் பின்னால், ஸ்காஃபுக்கு உள்ளே இருந்தது. என் கை எட்டாது. அந்த அறையில் வேறு பெண் யாரும் இல்லை. எழுதாமல் வாயால் சொல்லத் தொடங்கினேன். காரணிப்படுத்துவதை விரலால் காற்றில் கீறிக் காட்டினேன். என் டியூஷன் பிள்ளைகள் யாராவது அப்படிப் படிப்பித்ததைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். இடையிலேயே தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாடம் நல்லாத் தெரிஞ்சிரிக்கு. ஆனா போர்ட்ல எழுதிப் பழக்கமில்ல போல?"

"பழக்கம் இரிக்கு சேர்."

"அப்ப ஏன் எழுதல்ல?"

மூன்று பேரும் பேனையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். கிண்டலாகக் கேட்கவில்லை, காரணம் சொன்னால் கேட்கத் தயாராகத்தான் இருந்தார்கள். சட்டை அக்குளில் இறுக்கம், பின் தோளில் இழுக்குது, கையைத் தூக்கினால் தலை திறபடுது என்று மூன்று அந்நிய ஆண்களுக்கு முன்னால் நின்று எப்படிச் சொல்வது? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆறு வருடம் பலகையோடு நின்று சோக்குத் தூசி தின்றவள் நான்.

"பழக்கம் கொஞ்சம் குறைவுதான் சேர்," என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.